நாலு பிள்ளை, ஒரு அடுப்பங்கரை: வீட்டிலேயே படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுவரில் முதன்முதலாக ஒட்டிய நேரசூசியை இன்னும் வைத்திருக்கிறேன். அப்போது மூன்று பிள்ளைகள். மூன்று நிறம், 40 நிமிடப் பாடவேளைகள், 10.20க்கு இடைவேளை. சாமி அறையில் அடிக்கிற மாதிரி ஒரு சின்ன மணிகூட வாங்கியிருந்தேன். திங்கட்கிழமை 8 மணிக்கு அதை அடித்தேன். 8.10க்கு மூத்தவள் பின்னத்தில் முட்டிக்கொண்டு நின்றாள், இரண்டாமவன் பென்சிலைக் காணோம் என்றான், மூன்றாவது அடுப்புச் சாம்பலில் கையை விட்டுவிட்டு அதே கையால் அண்ணனின் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். 9 மணிக்கு மூத்தவளிடம் கத்தினேன். 10 மணிக்குத் தொலைபேசியில் கணவரிடம் கத்தினேன். 10.20 இடைவேளையை மட்டும் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

அது 2020. மார்ச்சில் நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டிருந்தன. இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் எங்கள் வீடு. சிக்னல் வேண்டுமென்றால் தேயிலை மலையில் ஏறி, ஒரு சவுக்கு மரத்தடியில் நிற்க வேண்டும். மழை பெய்தால் அதுவும் கிடையாது. அந்த நாட்களில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்: தரம் 4இல் இருந்த என் மூத்த மகள் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். நான்கு வருடமாக யாருக்கும் அது தெரியவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். அவள் படித்த பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். நிறையப் பிள்ளைகள் உள்ள வகுப்பில், வாய் திறக்காத பிள்ளை காணாமல் போவது எங்கேயும் நடக்கிறதுதான். பள்ளிகள் திறந்த பிறகும் அவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அப்புறம் மற்றவர்களையும். இன்று அவளுக்கு 15, தம்பிக்கு 12, அடுத்த தங்கைக்கு 9, இடையில் வந்து சேர்ந்த கடைக்குட்டிக்கு 4.

என் அப்பா படித்தது தேயிலைத் தோட்டப் பள்ளியில். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகங்களின் கையில்தான் கிடந்தன. 1970களில்தான் அரசு அவற்றை எடுக்கத் தொடங்கியது. அப்பாவின் பள்ளி ஒரு தகரக் கொட்டகை. ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். என் நேரசூசிக் கதையைக் கேட்டுவிட்டு அப்பா சிரித்தார். “எங்க வாத்தியார் அஞ்சு வகுப்பு நடத்தல, ஒரு பள்ளிக்கூடம்தான் நடத்தினாரு” என்றார். ஒரு வரிசை மணலில் எழுதும், ஒரு வரிசை வாய்ப்பாடு சொல்லும், பெரிய பையன்கள் சின்னவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், வாத்தியார் ஒரு நேரத்தில் ஒரே வரிசையில்தான் உட்காருவாராம். நான் வீட்டில் மூன்று பள்ளிக்கூடம் நடத்தப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்ததுதான்.

முதல் படி: புத்தகத்துக்கு முன்னால் கடதாசி

ஆசையில் பிள்ளையை நிறுத்திவிட்டு, பிறகு கடதாசி தேடி அலைவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்.

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்பு 14 ஆக இருந்த மேல் எல்லை 2016இல் 16 ஆனது. ஆகவே பிள்ளை சும்மா வீட்டில் இருக்கிறது என்ற நிலை வரக்கூடாது. முதலில் உங்கள் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், உங்கள் நிலைமையைச் சொல்லி, என்ன எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள். கொடுக்கிற கடிதத்துக்கு ஒரு பிரதி எடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து விலக்கினால் விடுகைப் பத்திரத்தை வாங்காமல் வராதீர்கள். பிறகொரு நாள் பிள்ளை திரும்பப் பள்ளிக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்தது பரீட்சை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், வீட்டுப் பிள்ளைக்கு அது கிடையாது. எனக்கு அது ஒரு நிம்மதி, உங்களுக்கு இழப்பாக இருக்கலாம். யோசித்து முடிவெடுங்கள். சாதாரண தரப் (O/L) பரீட்சையையும் உயர் தரப் (A/L) பரீட்சையையும் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம். பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தல் வரும்போது நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், ஞாபகப்படுத்த அதிபர் இருக்கமாட்டார். அதற்கு அடையாள அட்டை வேண்டும். 15 வயது நிறைந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு அதிபர் உறுதிப்படுத்துவார், வீட்டுப் பிள்ளைக்குக் கிராம சேவகர், தோட்டத்துக்குள் குடியிருந்தால் தோட்டத்துத் துரை (நிர்வாகி). பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, வீட்டில் எழுதுவது ஒரு மாதிரி என்றால் இப்போதே திருத்துங்கள். மலையகத்தில் இது எத்தனை வீட்டுப் பிரச்சினை என்று சொல்லத் தேவையில்லை. என் மகளின் சான்றிதழில் ஒரு கால் எழுத்து விடுபட்டிருந்தது. அதற்காகக் கச்சேரிக்கு (அரச செயலகத்துக்கு) மூன்று தடவை நடந்தேன்.

இரண்டாம் படி: எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது

தரம் என்பதை மறந்துவிட்டுப் பாடத்தைப் பாருங்கள். வாசிப்பும் கணிதமும் படிக்கட்டு மாதிரி, ஒரு படி விட்டால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. அவற்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகத்தான் சொல்ல வேண்டும். மற்றது எல்லாம், சுற்றாடல், விஞ்ஞானத்தில் பாதி, புவியியல், வரலாறு, சமயம், கதை, சித்திரம், ஒரே பாயில் நாலு பேரையும் உட்கார வைத்துச் செய்யலாம். கேள்வி ஒன்று, ஆழம்தான் வேறு வேறு.

ஒரு நாள் நடந்ததையே சொல்கிறேன். மூத்தவளின் விஞ்ஞானப் புத்தகத்தில் நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸ் என்றிருந்தது. டவுனில் பள்ளிச் சாமான் கடையில் வாங்கிய நீண்ட கண்ணாடி வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கிறது. (காய்ச்சல் பார்க்கிறதை எடுத்துவிடாதீர்கள். 42க்கு மேல் அதில் இடமில்லை, வெடித்துவிடும். இரண்டாமவன் கிட்டத்தட்ட அதைத்தான் செய்யப் பார்த்தான்.) கேத்திலில் இல்லாமல், வாய் அகன்ற சட்டியில் தண்ணீர் வைத்தோம். கடைக்குட்டிக்கு வேலை, தூரத்தில் பலகையில் உட்கார்ந்து எப்போது குமிழி வருகிறது என்று கத்துவது. ஒன்பது வயதுக்காரி இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னாள். அண்ணன் வெப்பமானியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் முட்டாமல் பிடித்துக்கொண்டு எண்ணை வாசித்தான். மூத்தவள் அட்டவணை போட்டாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது, ஊசி மாதிரி இருந்த அந்தக் கோடு 96க்குக் கிட்ட வந்து அப்படியே நின்றுவிட்டது. இன்னும் விறகு வைத்தோம், ஏறவில்லை.

“வெப்பமானி பழுது” என்றான் இரண்டாமவன். “புத்தகம் பிழை” என்றாள் மூத்தவள். பாட்டி மூலையிலிருந்து, “கொழும்புல கடல சீக்கிரம் வேகும், இங்க வேகாது, அதுக்கென்ன?” என்றார். அதுதான் விடை. நாங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரத்தில். மேலே போகப் போக வளியமுக்கம் குறைகிறது, 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்குகிறது. நுவரெலியாவில் சுமார் 94க்கே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் ஏன் என்பதை மூத்தவள் தானாகவே எழுதினாள். இரண்டாமவன் பட்டிப்பொல ரயில் நிலையப் பலகையில் பார்த்த 1,898 மீட்டரை ஞாபகம் வைத்து, அங்கே எத்தனை பாகையில் கொதிக்கும் என்று கணக்குப் போட்டான். சின்னவள் நேரத்தையும் வெப்பநிலையையும் வைத்து வரைபு கீறினாள். கடைக்குட்டிக்குத் தெரிந்தது குமிழிதான், அது போதும். அன்றைக்கு மத்தியானம் அந்தத் தண்ணீரிலேயே சாயத் தண்ணி (பால் இல்லாத தேத்தண்ணி) ஊற்றிக் குடித்தோம்.

வரலாறும் இப்படித்தான். மழை பொய்த்த வருடங்களில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது, அணை கட்டியதால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனோம். மஸ்கெலி ஓயா எங்கே போகிறது, களனி கங்கையோடு எப்படிச் சேர்கிறது, லக்ஷபானவில் மின்சாரம் எப்படி எடுக்கிறார்கள் என்று பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு மாதத்துக்குப் போதுமான வேலை அதில் இருந்தது. சின்னவள், இங்கே இருந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கணிதத்தை மட்டும் சேர்க்கப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். ஒரு வருடம் எல்லோரையும் பின்னத்தில் உட்கார வைத்தேன், அவரவர் அளவுக்கு. சின்னவள் அண்ணனின் பாடத்தைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டு, அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே விடையைச் சொல்லிவிட்டாள். மூன்றாம் தடவை அவன் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போனான். அடுத்த இரண்டு மாதம் அவன் கணிதக் கொப்பியைத் தொடவில்லை. பல பிள்ளை உள்ள வீட்டில் மிக ஆபத்தான விஷயம் இதுதான்: இளையது மூத்ததை முந்துவது. பள்ளியில் அவர்கள் வேறு வேறு வகுப்பறையில் இருப்பதால் யாருக்கும் தெரியாது, வீட்டில் ஒரே பாய். இப்போது அவன் கணிதம் முன் இஸ்தோப்பில் (திண்ணையில்), அவள் கணிதம் அடுப்பங்கரையில். புத்தகமும் வேறு வேறு. “தங்கச்சியப் பாரு” என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் தடை, பாட்டிக்கும் சேர்த்து.

மூன்றாம் படி: மணியை விட்டு வரிசையைப் பிடியுங்கள்

எங்கள் பக்கம் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் காலை 9 வரை பனிமூட்டம். விரல் மடங்காத குளிரில் 8 மணிக்கு எழுத்து வேலை கொடுத்தால் எழுத்தும் வராது, மனமும் வராது. ஆகவே நேரத்தை விட்டுவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டோம். ரொட்டியும் கட்டச் சம்பலும் முடிந்ததும் அடுப்பைச் சுற்றிச் சத்தமாக ஒரு கதை வாசிப்பு, எல்லோருக்கும். பிறகு ஒருவர் ஒருவராக என்னோடு. பிறகு கூட்டுப் பாடம். மத்தியானச் சோற்றோடு முடிந்தது. மின்சாரம் போனாலும், ஆள் வந்தாலும், வரிசை குழம்பாது. 2022இல் ஒரு கட்டத்தில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை போனது. நேரசூசி வைத்திருந்தால் அந்த வருடத்தையே மூடிவைத்திருக்க வேண்டும்.

ஒருவர் ஒருவராக என்றேனே, அதில் முதலில் யார்? பரீட்சை நெருங்குகிறது என்று எல்லோரும் மூத்ததில் தொடங்குவார்கள். நான் கடைக்குட்டியில் தொடங்குகிறேன். இருபது நிமிடம் முழுசாக மடியில் வைத்து, ஒரு எழுத்து, ஒரு பாட்டு, ஒரு படம். அம்மா கிடைத்துவிட்ட பிள்ளை ஒரு மணிநேரம் தானாக விளையாடும். கிடைக்காத பிள்ளை அந்த ஒரு மணிநேரமும் அக்காவின் கொப்பியில்தான் இருக்கும். அப்புறம் ஒன்பது வயது, அப்புறம் பன்னிரண்டு, கடைசியில் பதினைந்து. பெரியவளுக்குத் தனியாக ஒரு மணிநேரம் உட்கார்ந்து படிக்கத் தெரியும், காத்திருப்பாள்.

காத்திருக்கும் நேரத்துக்குக் கொடுக்கும் வேலை, என் உதவியே இல்லாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். புதுப் பாடத்தைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் “அம்மா” என்று நிற்பார்கள். நேற்று விளங்கியதையே இன்று கைவேலையாகக் கொடுக்க வேண்டும். வாய்ப்பாடு எழுதுவது, உறுப்பெழுத்து, வாசிப்பு, படம் கீறுவது.

இங்கேதான் சந்தேகக் கொப்பி வருகிறது. எனக்கு இருக்கும் ஒரே கண்டுபிடிப்பு இது. ஒவ்வொருவருக்கும் ஒரு மெல்லிய கொப்பி. நான் இன்னொரு பிள்ளையோடு இருக்கும்போது என்ன சந்தேகம் வந்தாலும் அதில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போக வேண்டும், என்னைக் கூப்பிடக்கூடாது. என் முறை வரும்போது கொப்பியைத் திறப்போம். பாதிச் சந்தேகத்தை அவர்களே வெட்டியிருப்பார்கள். எழுதும்போதே விளங்கிவிடுமாம். மீதிப் பாதிதான் உண்மையான பாடம். சின்னவளின் கொப்பியில் ஒரு நாள், “7இலிருந்து 9ஐக் கழிக்க முடியாது என்று அம்மா சொன்னீங்க, அண்ணன் கழிக்கிறான். யார் பொய்?” என்றிருந்தது. எதிர் எண்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

நான்காம் படி: அக்காவை டீச்சர் ஆக்காதீர்கள்

மூத்த பிள்ளை இளையதுக்குச் சொல்லிக்கொடுப்பது நம்மிடம் பழையது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இல்லாமல் வேலை நடக்காது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் சென்னையில் ஒரு அநாதைச் சிறுவர் விடுதியை நடத்தியபோது, உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதி ஒருவருக்கொருவர் படிப்பிப்பதைக் கண்டு, அதையே தன் விடுதியில் செய்து பார்த்து, 1797இல் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்ற பெயரிலேயே பரவியது. ஆகவே புதிதாக ஒன்றும் செய்யவில்லை என்ற தைரியத்தில் நான் மூத்தவளை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

ஒரு வருடம் போனது. ஒரு நாள் தம்பியின் சுருக்கக் கணக்கைத் திருத்தச் சொன்னேன். “அம்மா, நான் என்ன சம்பளமில்லாத டீச்சரா?” என்றாள். அவள் குரல் உயரவில்லை, அதுதான் எனக்குச் சுட்டது. கணக்குப் பார்த்தேன்: அவளுடைய சொந்தப் படிப்பைவிட மற்றவர்களுக்காக அவள் செலவழித்த நேரம் அதிகம்.

அதன் பிறகு வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. நாளுக்கு அரை மணிநேரத்துக்கு மேல் இல்லை. கேட்பது சரி, திருத்துவது கூடாது. சிவப்புப் பேனை என்னிடம் மட்டும். வாசிக்கக் கேட்பது, வாய்ப்பாடு கேட்பது, சொல்வதெழுதுதல் சொல்வது, இவை அவளுக்கும் நல்லது. புதுப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பரீட்சை வருடத்தில் அதுவும் இல்லை. அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு பேரை ஒருவருக்கொருவர் படிப்பிக்க விடாதீர்கள், சண்டைதான். மூத்தவளும் கடைக்குட்டியும் நல்ல சோடி. பதினொரு வயது இடைவெளியில் பொறாமைக்கு இடமில்லை.

புத்தகம், திரை, கடதாசி

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெற்றோர் பலருக்குத் தெரியாதது, தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டி. எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை, பிள்ளை எதைச் செய்யத் தெரிந்தால் பாடம் முடிந்தது என்று அதில் இருக்கும். பாடநூலைவிட எனக்கு உதவியது அதுதான். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் உண்டு. டவுனுக்குப் போகிற நாளில் பதிவிறக்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

மூத்தவளின் புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுப்பதற்கு முன் பாடத்திட்டம் மாறிவிட்டதா என்று பாருங்கள். பாடத்திட்டம் மாறுகிற வருடத்தில் பழைய புத்தகம் விறகுக்குத்தான் ஆகும்.

பணம் வீணாகப் போனது பயிற்சிப் புத்தகங்களில். புத்தகக்கடையில் கண்ணைப் பறிக்கும் அட்டையோடு அடுக்கியிருப்பார்கள். மூன்று பேருக்கும் வாங்கினேன், ஒவ்வொன்றிலும் பதினைந்து பக்கம் எழுதியிருக்கிறது. அதே காசுக்குக் கதவின் பின்பக்கம் கரும்பலகை மை பூசியிருக்கலாம், பிறகு அதைத்தான் செய்தோம். கடதாசி விலை ஏறிய 2022க்குப் பிறகு முதல் எழுதுவதெல்லாம் அந்தக் கதவில், சரியானது மட்டும் கொப்பியில்.

இணைய வகுப்பு பல பிள்ளை வீட்டுக்குச் சரிவராது. ஒரே நேரத்தில் மூன்று வகுப்பு, இரண்டு போன், ஒரு சிக்னல். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

நாலு வயதுக்காரன்

எல்லோரும் பாடத்திட்டத்தைப் பற்றியே கேட்பார்கள். உண்மையில் வீட்டுப் பள்ளியை இழுத்து மூடுவது இந்த ஆள்தான். ஒரு பேசின் தண்ணீர், இரண்டு குவளை, ஒரு வடி: முக்கால் மணிநேரம். பயறும் உளுந்தும் கலந்து கொடுத்தால் பொறுக்கிப் பிரிப்பான், அதில் பாதி கட்டிலுக்கு அடியில் இருக்கும், பரவாயில்லை. அவனுக்கும் ஒரு கொப்பி உண்டு, அதில் கிறுக்குவான், நான் தேதி போடுவேன். தேதி போட்டதிலிருந்து மற்றவர்களின் கொப்பியைத் தொடுவதில்லை. தொலைக்காட்சியைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள், மூத்தவளுக்கு மாதிரிப் பரீட்சை நடக்கும் நாளுக்காக.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வெளியே

தமிழ் மட்டும் தெரிந்து மலையில் வளர்ந்த பிள்ளை, கச்சேரியிலும் ஆஸ்பத்திரியிலும் வாய் மூடி நிற்கும். எனக்கு நடந்தது அது. சிங்களத்தை நான் படிப்பிக்கவில்லை. கீழ் வீட்டு சிங்கள அக்கா செவ்வாயும் வியாழனும் என் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசுகிறார், அவருடைய மகளுக்கு நான் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். காசு கைமாறவில்லை. புத்தகத்தில் இருந்து வராத சிங்களம் அங்கே மாம்பழம் நறுக்கும்போது வந்தது.

என் கணிதமும் விஞ்ஞானமும் தரம் 9 வரைதான் தாங்கும். அதற்கு மேல் பிடிவாதம் பிடித்தால் கெட்டுப்போவது பிள்ளை. மூத்தவள் அந்த இரண்டு பாடத்துக்கும் டவுனில் டியூஷன் போகிறாள். சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடம்: சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, தொகுதிகளிலிருந்து தெரிவுசெய்யும் பாடங்கள் மூன்று. ஏழு பாடத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இரண்டை வெளியே கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கூட்டாளிகள் எங்கே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஞாயிறு அறநெறி வகுப்பு, பின்னேரம் தோட்டத்து மைதானத்தில் கிரிக்கெட், திருவிழா. மாசியில் காமன் கூத்து தொடங்கினால் இரண்டாமவன் வீட்டில் தங்கமாட்டான். இரவு முழுக்கப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்து, காலையில் அதன் சொற்களுக்கு அர்த்தம் கேட்பான். அந்த மாதம் தமிழ்ப் பாடம் என்று தனியாக ஒன்றும் வைப்பதில்லை.

ஆறாம் படி: எழுதி வையுங்கள்

வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். என்ன படித்தது, எங்கே நின்றது, என்ன வாசித்தது. அலங்காரம் வேண்டாம். பணிமனையில் கேட்டாலும், பள்ளியில் கேட்டாலும், அத்தை கேட்டாலும் காட்ட ஒன்று இருக்கும். நான் முதல் இரண்டு வருடம் எழுதவில்லை. கேட்டபோது ஞாபகத்திலிருந்து சொன்னேன், சொல்லும்போது எனக்கே பொய் மாதிரி இருந்தது.

மாதம் ஒரு தடவை உண்மையான பரீட்சை. கடந்தகால வினாத்தாள், கடிகாரம், தனி மேசை. மூத்தவள் முதல் தடவை மூன்று மணிநேரத் தாளுக்கு இடையில் மூன்று தடவை எழுந்துபோய்த் தேத்தண்ணி குடித்தாள், ஒரு தடவை தம்பிக்குப் பதிலும் சொன்னாள். படிப்பு இருந்தது, உட்கார்வு இல்லை. இப்போது டியூஷன் நிலையத்தில் நடக்கும் மாதிரிப் பரீட்சைக்கு அனுப்புகிறேன். முன்பின் தெரியாத நூறு பேருக்கு நடுவில் எழுதிப் பழக வேண்டும்.

ஏழாம் படி: திரும்பப் போக வேண்டியவரை விடுங்கள்

போன வருடம் இரண்டாமவன், “நான் பள்ளிக்கூடம் போறேன்” என்றான். ஒரு வாரம் எனக்கு முகம் சரியில்லை. ஏதோ தோற்றுவிட்ட மாதிரி. பிறகு அவன் பக்கம் இருந்து பார்த்தேன். அக்காவுக்கும் கெட்டிக்காரத் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பையன். அவனுக்கு வேண்டியது அவன் வயதுப் பையன்கள் நிறைந்த ஒரு வாங்கு. நான்கு பேருக்கும் ஒரே தீர்ப்பு என்று நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதிபரிடம் விடுகைப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் என் வாரப் பக்கங்களும் கொண்டுபோனோம். தமிழும் கணிதமும் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள், வருகிற தவணையில் தரம் 8.

படிப்பில் பயமில்லை. அவனுக்கு வராதது வேறு சில. கரும்பலகையைப் பார்த்து வேகமாக எழுதத் தெரியாது, வீட்டில் அதற்குத் தேவையே இருந்ததில்லை. சந்தேகம் வந்ததும் கை தூக்கிக் காத்திருக்கத் தெரியாது. விருப்பமான பாடத்தை மணி அடித்ததும் பாதியில் மூடி வைக்கத் தெரியாது. ஆகவே இந்த இரண்டு மாதமாக அவனுக்கு மட்டும் ஒரு தனிப் பயிற்சி. கதவில் நான் எழுதுவேன், அழிப்பதற்குள் அவன் எழுதி முடிக்க வேண்டும். அலுமாரிக்கு மேலிருந்து அந்தப் பழைய மணியையும் தேடி எடுத்தேன். 40 நிமிடத்துக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும். அந்த வேலையைக் கடைக்குட்டி பிடுங்கிக்கொண்டான். 10.20 இடைவேளை மணியை அவன் 9.50க்கே அடித்துவிடுகிறான், அண்ணனும் ஒன்றும் சொல்வதில்லை.